ஒரே அழுக்கு, மூன்று முடிவு: இலங்கைத் தேயிலைத் தோட்ட ஆய்வும் ஈறு பாக்டீரியாவும்

1970இல் இலங்கை மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை உட்காரவைத்து, பல் பல்லாக ஈறின் ஆழத்தை அளந்தார்கள். வயது 14 முதல் 31 வரை. மலையகத் தமிழர்கள். பிரஷ், பேஸ்ட் பழக்கம் கிடையாது. பல் மருத்துவம் எட்டிப் பார்க்காத இடம். ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரரின் குழு அதற்காகத்தான் அங்கே வந்திருந்தது. சிகிச்சை எதுவும் படாத வாயில் ஈறு நோய் தன் போக்கில் விட்டால் எப்படி நடக்கும் என்பதுதான் கேள்வி. ஒப்பீட்டுக்கு, ஓராண்டு முன்பு ஓஸ்லோவில் 565 ஆண்களை அளந்திருந்தார்கள். அவர்கள் மாணவர்கள், கல்வித்துறையினர். சிறுவயதிலிருந்தே பல் மருத்துவச் சேவைக்குள் வளர்ந்தவர்கள்.

தோட்டத்தில் 1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்ப அளந்தார்கள். எல்லாச் சுற்றிலும் அளந்தவர்கள் அதே இரண்டு பேர். இது சின்ன விஷயம் இல்லை. புரோப் என்ற அளவுகோலைப் பிடிக்கும் கை மாறினாலே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும், ஆண்டுக்கு 0.3 மில்லிமீட்டர் என்ற வேகத்தைப் பிடிக்க வேண்டிய ஆய்வில் ஒரு மில்லிமீட்டர் என்பது மூன்று வருடக் கணக்கு.

1985இல் முதல் சுற்றில் இருந்தவர்களில் 161 பேரே எஞ்சினார்கள். இதைப் படிக்கும்போது அந்தக் காலத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாகி, எழுபதுகளில் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. நீண்டகால ஆய்வு எதற்கும் ஆள் விடுபடுவது பெரிய ஓட்டைதான். இங்கே அந்த ஓட்டையின் பின்னால் ஒரு மக்களின் வரலாறே நிற்கிறது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: நோய் தெரிந்தும் அதன் போக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் இப்படியொரு ஆய்வை இன்று ஒரு நெறிக்குழுவிடம் கொண்டுபோனால் அனுமதி கிடைப்பது கடினம். அதனால்தான் இந்தத் தரவுக்கு இரண்டாவது பிரதி வராது.

எதை அளந்தார்கள்

மூன்று அளவுகள். முதலாவது, பல்லின் மேல் படிந்த பாக்டீரியாப் படலம். 0 என்றால் இல்லை. 1 என்றால் கண்ணுக்குத் தெரியாது, புரோப் முனையால் சுரண்டினால் வரும். 2 கண்ணுக்கே தெரியும். 3 அப்பிக் கிடக்கும். இரண்டாவது, ஈறின் நிலை. 0 நலம்; 1 லேசான சிவப்பு, வீக்கம்; 2 தொட்டால் ரத்தம்; 3 தொடாமலே ரத்தம். மூன்றாவதுதான் முக்கியம்: பற்று இழப்பு.

பல்லின் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் ஒரு கோடு உண்டு, பல் கழுத்து. நலமான வாயில் ஈறு அந்தக் கோட்டருகேதான் பல்லைப் பற்றியிருக்கும். நோய் வந்தால் பற்று கீழே இறங்கும். பல் கழுத்திலிருந்து இப்போதைய பற்று வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதே பற்று இழப்பு. பை ஆழம், அதாவது ஈறின் விளிம்பிலிருந்து பற்று வரையான ஆழம், வேறு; இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வது அன்றாடம் நடக்கிறது. பை 5 மி.மீ., ஈறின் விளிம்பு கழுத்தைவிட 2 மி.மீ. கீழே இறங்கியிருந்தால் இழப்பு 7. அதே 5 மி.மீ. பை, ஈறு வீங்கிக் கழுத்துக்கு 2 மி.மீ. மேலே ஏறியிருந்தால் இழப்பு 3தான். பை ஆழத்தை மட்டும் எழுதிவைத்தால் இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாகத் தெரிவார்கள்.

புரோப்பை அழுத்தும் விசையும் கணக்கு. 20 முதல் 25 கிராம் எடைக்குச் சமமான அழுத்தம் போதும். அதற்கு மேல் போனால், வீங்கிய ஈறில் புரோப் முனை பற்றையே துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். இல்லாத ஆழம் பதிவாகும். மாறாக, வேரில் காறை (கல்லாக இறுகிய படலம்) திரண்டிருந்தால் முனை அதில் முட்டி நிற்கும். இருக்கும் ஆழம் பதிவாகாது. அதனால் முதல் நாள் அளவையும் காறை எடுத்த பிறகான அளவையும் ஒப்பிட்டு ‘கிளீன் பண்ணினதும் ஆழம் கூடிப்போச்சு’ என்று பயப்பட வேண்டியதில்லை.

கண்டது

ஓஸ்லோவில் நாற்பது வயதை நெருங்கும்போது சராசரி இழப்பு 1.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தோட்டத்தில் 4.5. பல்லிடுக்கில் ஆண்டு வேகம் ஓஸ்லோவில் 0.08, தோட்டத்தில் 0.30. எதிர்பார்த்ததுதான், துலக்குகிறவனுக்கும் துலக்காதவனுக்கும் வித்தியாசம் இருக்காதா என்று விட்டுவிடலாம். ஆனால் 1986இல் வெளியான அறிக்கை தோட்டத்து ஆட்களை மட்டும் தனியே எடுத்துப் பிரித்தபோதுதான் விஷயம் சிக்கலானது.

எல்லார் வாயிலும் படலம் ஒரே மாதிரி அப்பிக் கிடந்தது. காறையும் கறையும் எல்லாருக்கும். ஏறக்குறைய எல்லா ஈறும் அழற்சியில் சிவந்திருந்தது. ஆனால் முடிவு மூன்றாகப் பிரிந்தது. சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக ஓடியது: 35 வயதில் சராசரி இழப்பு 9 மி.மீ., 45ஐ எட்டும்போது 13. மேல் முன்பல்லின் வேர் நீளமே ஏறத்தாழ 13 மி.மீ.தான் என்பதை வைத்துப் பார்த்தால், பிடிக்க இடமே இல்லை என்று அர்த்தம். இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 35இல் 12 பல், 40இல் 20 பல், 45இல் முழுப் பொக்கை. 81 சதவீதத்தினர் நடுவில்: 35இல் 4 மி.மீ., 45இல் 7 மி.மீ., 45 வயதுக்குள் சராசரி 7 பல் இழப்பு. மீதி 11 சதவீதத்தினர்தான் புதிர். அதே அழுக்கு, அதே சிவந்த ஈறு, ஆனால் 35 வயதில் பற்று இழப்பு 1 மில்லிமீட்டர்கூட இல்லை, பல்லும் விழவில்லை. நோய் ஈறழற்சியோடு நின்றுவிட்டது.

‘எங்க தாத்தா பேஸ்ட்டைத் தொட்டதே இல்லை, தொண்ணூறு வயசுலயும் முறுக்கு கடிச்சார்’ என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு. பொய் இல்லை. தாத்தா அந்த 11 சதவீதம். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்றதில் குச்சியின் நார் இடுக்கைத் தேய்த்த பங்கு நிச்சயம் உண்டு. ஆனால் அந்தக் கதையில் பொக்கைவாயான சித்தப்பாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்னொரு செய்தி ஓரமாகக் கிடக்கிறது, கவனிக்கத்தக்கது. இத்தனை படலத்திலும் அவர்களுக்குச் சொத்தை அநேகமாக இல்லை. அதனால்தான் விழுந்த பல் எல்லாம் ஈறு நோய்க் கணக்கில் போயிற்று. சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை வேண்டும். அதைத் தின்று அமிலம் கக்கும். ஈறைத் தின்னும் கூட்டம் வேறு: அதற்குப் புரதமும் ரத்தமும் வேண்டும். ஒரே பல்லில், ஈறு விளிம்புக்கு மேலே ஒரு ஊர், கீழே வேறொரு ஊர்.

கீழே இருக்கும் ஊர்

தோட்டத்து ஆய்வு படலத்தின் அளவைத்தான் எண்ணியது. அதில் குடியிருப்பவர் யார் யார் என்பதை மற்ற ஆய்வுகள்தான் காட்டின. முதல் விடை லோவிடமிருந்தே, 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸிலிருந்து வந்தது. நலமான ஈறு கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் ஈறழற்சி. அந்த நாட்களில் படலத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் குடியேற்றம் ஒழுங்காக நடப்பது தெரிந்தது: முதலில் கிராம் பாசிட்டிவ் என்ற வகையின் உருண்டைகளும் குட்டைக் கோல்களும்; இரண்டு நாளில் நூலிழைகளும் ஃபியூசோபாக்டீரியங்களும்; ஒரு வாரத்தையொட்டிச் சுருள்வடிவ ஸ்பைரோகீட்டுகள். மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்கு வந்தது. ஈறழற்சிக்குப் படலம்தான் காரணம் என்பதும், அது முழுக்கக் குணமாகக்கூடியது என்பதும் ஒரே சோதனையில் தீர்ந்தது.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பல்லைத் தேய்த்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீர்ப் புரதம் ஒரு மெல்லிய தோலாகப் பல்லில் படியும். அதில் ஒட்டத் தெரிந்தவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஆக்டினோமைசிஸ் போன்றவை. இவை ஆக்சிஜனைச் செலவழித்துத் தீர்க்க, அடுக்கின் அடியில் காற்றில்லாத இடம் உருவாகிறது. அடுத்து ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம், நீண்ட ஊசி வடிவம். முன்பு வந்தவற்றோடும் ஒட்டும், பின்பு வருபவற்றோடும் ஒட்டும்; தரகர் மாதிரி. அதன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கடைசிக் கூட்டம் வந்து சேர்கிறது.

அந்தக் கடைசிக் கூட்டத்துக்கு 1998இல் சாக்ரான்ஸ்கியும் ஹஃபாஜியும் ஒரு நிறம் கொடுத்தார்கள். 185 பேரின் வாயிலிருந்து 13,261 படல மாதிரிகளை எடுத்து டிஎன்ஏ முறையில் சோதித்தபோது, சில இனங்கள் எப்போதும் சேர்ந்தே வருவது தெரிந்தது. ஆழமான பையிலும் ரத்தம் கசியும் இடத்திலும் சேர்ந்து வரும் மூவர்: போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ், டானரெல்லா ஃபோர்சைத்தியா, ட்ரெப்போனிமா டென்டிகோலா. இதுதான் சிவப்புக் குழு.

மூவரில் ஜின்ஜிவாலிஸை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில் இதன் குடியிருப்பு கறுத்துவிடும். கறுப்பு, ரத்தச் சிவப்பணுவிலிருந்து உருவிய ஹீமின். இதற்குச் சர்க்கரை ஆகாது. புரதத்தின் துண்டுகளும் இரும்பும்தான் உணவு. இரண்டையும் கத்தரித்தெடுக்க ஜின்ஜிபெய்ன் என்ற நொதிகளை வெளியே வைத்திருக்கிறது. உடலின் பாதுகாப்புப் புரதங்களில் சி5 என்று ஒன்று. அதை இந்த நொதி வெட்டினால் சி5ஏ வெளிவரும். சி5ஏ என்பது வெள்ளணுக்களை அழைக்கும் மணி. எந்தத் திருடனாவது தானே மணியடிப்பானா? இது அடிக்கிறது. வந்து சேரும் வெள்ளணுவின் சி5ஏ ஏற்பியையும் டிஎல்ஆர்2 ஏற்பியையும் ஒரே நேரத்தில் தட்டி, பாக்டீரியாவைக் கொல்லும் வேலையை மட்டும் முடக்கிவிடுகிறது. அழற்சி அப்படியே நீடிக்கிறது. காவலுக்கு வந்தவனின் லத்தியைப் பிடுங்கிக்கொண்டு விசிலை மட்டும் வாயில் விட்டுவைப்பது போல.

அழற்சி அதற்கு ஏன் வேண்டும்? சோறு அங்கிருந்துதான் வருகிறது. அழற்சியுள்ள ஈறிலிருந்து பைக்குள் நீர் கசியும்; அதில் புரதம், ரத்தம் இருந்தால் இரும்பு. நலமான ஈறின் ஒரு மில்லிமீட்டர் பள்ளத்தில் இந்த வகைக்குப் பிழைப்பு இல்லை. ஈறிலிருந்து கசிவு கூடக் கூட, புரதம் தின்னும் இனங்கள் பெருகும். அவை பெருகப் பெருக அழற்சி கூடும். 1994இல் மார்ஷ் முன்வைத்த சூழலியல் விளக்கத்தின் சாரம் இதுதான்: வெளியிலிருந்து ஒரு கிருமி படையெடுத்து வருவதில்லை, இடம் மாறுவதால் குடிகளின் விகிதம் மாறுகிறது.

2011இல் ஹாஜிஷெங்காலிஸ் குழு எலிகளில் காட்டியது இதைவிடத் துலக்கமானது. எலியின் வாயில் ஜின்ஜிவாலிஸைச் செலுத்தினார்கள். மொத்தப் பாக்டீரியாவில் அதன் பங்கு 0.01 சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் மற்ற பாக்டீரியாக்களின் எண்ணிக்கை பெருகி, எலும்பு கரைந்தது. வேறு பாக்டீரியாவே இல்லாத, கிருமியற்ற சூழலில் வளர்த்த எலிகளில் அதே ஜின்ஜிவாலிஸைச் செலுத்தினால் எலும்பு கரையவில்லை. ஆக அது நேரடியாக எலும்பைத் தின்பதில்லை, மற்றவர்களைக் கிளப்பிவிடுகிறது. எலும்பைக் கரைப்பதும் நம் உடலின் சொந்த அணுக்கள்தான். நோய்த்தடுப்பு அணுக்கள் வெளியிடும் ரேங்க்எல் என்ற சமிக்ஞை எலும்பு தின்னும் அணுக்களை முடுக்கிவிட, தாடை எலும்பு நெருப்பிலிருந்து விலகுவது போலப் பின்வாங்குகிறது. போன எலும்பு தானாகத் திரும்பி வராது. ஈறழற்சிக்கும் பெரியோடான்டைட்டிஸ் என்ற பல்சூழ் நோய்க்கும் இடையே உள்ள கோடு இதுதான்.

மூன்றாகப் பிரிந்தது ஏன்

‘எல்லாம் பாக்டீரியா செய்வது’ என்றால் தோட்டத்து 11 சதவீதத்தை விளக்க முடியாது. ‘எல்லாம் உடல்வாகு’ என்றால் ஆர்ஹுஸின் 12 பேரை விளக்க முடியாது. 2000இல் 117 ஜோடி இரட்டையரை வைத்து நடந்த ஆய்வு இரண்டையும் அழகாகப் பிரித்துக் காட்டியது: பல்சூழ் நோயில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபுவழி, ஈறழற்சியில் மரபின் பங்கு தென்படவில்லை. அதாவது அழுக்கை விட்டால் எல்லார் ஈறும் சிவக்கும், அதில் பேதம் இல்லை. சிவந்தது எலும்புவரை போகுமா என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். தோட்டத்தில் கண்டதும் அதே வரிசை.

பாக்டீரியாவின் வகையே தீர்ப்பெழுதும் இடமும் உண்டு, விதிவிலக்காக. அக்ரிகாட்டிபாக்டர் ஆக்டினோமைசிட்டம்கோமிட்டன்ஸ் என்ற இனத்தில் ஜேபி2 என்று ஒரு கிளை. வெள்ளணுவைக் கொல்லும் நஞ்சுக்கான மரபணுவின் முகப்பில் 530 டிஎன்ஏ எழுத்துகள் அறுந்துபோனதால் நஞ்சு பன்மடங்கு சுரக்கிறது. மொராக்கோவின் ரபாத் நகரப் பள்ளிப் பிள்ளைகளை இரண்டாண்டு பின்தொடர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கிளையை மட்டும் சுமந்தவர்களுக்குப் பற்று இழப்பு ஏற்படும் வாய்ப்பு, இந்த இனமே இல்லாதவர்களைவிட 18 மடங்கு. ஜேபி2 அல்லாத மற்ற கிளைகளுக்கு 3 மடங்கு. ஆனால் இது வடக்கு, மேற்கு ஆப்பிரிக்க வழியினரிடம் வேரூன்றிய கிளை. தோட்டத்து 8 சதவீதத்தின் தலையில் இதைக் கட்டக் கூடாது.

புகையும் சர்க்கரை நோயும் உடலின் பக்கத்துக் காரணங்கள். புகைப்பவரின் ஈறில் ரத்தக் கசிவு குறைவாகத் தெரியும் என்பது அளப்பவருக்குப் பெரிய பொறி: வெளியே வெளிறி இறுகிய ஈறு, உள்ளே 7 மி.மீ. பை. 2018இல் வெளியான புதிய வகைப்பாட்டில் நாளுக்கு 10 சிகரெட்டும் அதற்கு மேலும், அல்லது எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை) 7 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தாலே வேகத் தரம் ‘சி’, அதாவது ஆக வேகமான தரம். அதே வகைப்பாட்டில் ஐந்தாண்டில் 2 மி.மீ. இழந்தாலும் ‘சி’தான். தோட்டத்தின் வேகக் குழுவில் உச்ச வேகம் ஆண்டுக்கு 1 மி.மீ.; ஐந்தாண்டில் 5. ஒரு எச்சரிக்கை: தோட்டத்து எண்கள் வாய் முழுவதற்குமான சராசரி. நோய் எவ்வளவு முற்றியது என்று சொல்லும் இன்றைய நிலைப் பிரிப்பு ஆகமோசமான பல்லிடுக்கை வைத்துச் செய்வது. சராசரி 4 மி.மீ. உள்ள ஆளிடம் 8 மி.மீ. இடுக்கு ஒளிந்திருக்கலாம், அவரை ‘இரண்டாம் நிலை’ என்று எழுதினால் தவறு.

பல் மருத்துவரின் நாற்காலியில் இது எப்படி மாறுகிறது

படலத்தை முழுசாக ஒழிப்பது நடக்கிற காரியம் இல்லை; வாயில் 700க்கும் மேற்பட்ட இனங்கள். செய்யக்கூடியது, குடியேற்றத்தைத் தொடக்கக் கட்டத்துக்கே திருப்பித் திருப்பித் தள்ளுவது. 1973இன் ஒரு சோதனையில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை படலத்தை முழுக்க அகற்றியவர்களின் ஈறு நலமாகவே இருந்தது. ‘முழுக்க’ என்பதில்தான் சிக்கல். தினம் இரண்டு வேளை துலக்கியும் ஈறு கசிகிறது என்றால், கசியும் இடம் அநேகமாகப் பிரஷ் போகாத பல்லிடுக்கு. தோட்டத்திலும் வேகம் அங்கேதான் அதிகம்: இடுக்கில் 0.30, பல்லின் வெளிப்பக்கம் 0.20.

ஆகவே முதல் வேலை இடுக்குப் பிரஷ். இடுக்குக்கு இடுக்கு அளவு வேறு. நார் நன்றாக உராய வேண்டும், நடுக்கம்பி பல்லில் படக் கூடாது. சாதாரணப் பிரஷ்ஷை ஈறின் விளிம்பில் 45 பாகையில் சாய்த்து, குறுகிய அசைவாக, இரண்டு நிமிடம். முதல் சில நாள் ரத்தம் வரும். ரத்தம் வரும் இடத்தைத் தவிர்த்துத் துலக்குவதுதான் நாம் எல்லாரும் செய்யும் தப்பு. ஜின்ஜிவாலிஸுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. விடாமல் தேய்த்தால் பை இல்லாத இடத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கீழே காறையோ பையோ இருக்கிறது.

0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லிக் கொப்பளிப்பு 10 மில்லி, ஒரு நிமிடம், இரு வேளை. இரண்டு வாரத் துணைக்குச் சரி. பைக்குள் அது இறங்காது, முதிர்ந்த படலத்தைத் துளைக்காது. பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதைச் செயலிழக்க வைக்கும் என்பதால் துலக்கி அரை மணி கழித்துக் கொப்பளிக்க வேண்டும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல் பழுப்பேறும், நாக்கில் சுவை மாறும்.

அடுத்தது ஈறுக்குக் கீழே வேரைச் சுத்தம் செய்வது. மரத்துப்போக ஊசி, அல்ட்ராசோனிக் கருவியின் முனை வேரோடு படுத்தவாறு போக வேண்டும், நுனியால் குத்தினால் வேர் கீறும். பிறகு கியூரெட் என்ற சுரண்டும் கைக்கருவி, அலகு வேரோடு 70 முதல் 80 பாகை, ஒன்றன்மேல் ஒன்று படியும் இழுப்புகள். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான பையில் எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் காறை கொஞ்சம் தப்பும். கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் கவட்டில் நிலைமை இன்னும் மோசம்: 81 சதவீதக் கவட்டு வாயின் அகலம் 1 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ, 58 சதவீதம் 0.75க்கும் குறைவு. புதுக் கியூரெட்டின் அலகே 0.75 முதல் 1.10 மி.மீ. அகலம். போகாத இடத்தில் ‘நன்றாகச் சுரண்டினேன்’ என்பதற்குப் பொருளில்லை. அங்கே மெல்லிய அல்ட்ராசோனிக் முனை, அல்லது ஈறைத் திறந்து பார்ப்பது.

கிடைக்கும் பலனை முன்கூட்டியே எண்ணில் சொல்லிவிடுவது நல்லது. 4 முதல் 6 மி.மீ. பையில் சராசரியாக 1.29 மி.மீ. ஆழம் குறையும்; அதில் பற்று மீள்வது 0.55 மட்டும், மீதி 0.74 வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவது. 7 மி.மீ. பையிலும் அதற்கு மேலும் 2.16 குறையும், பற்று 1.19, சுருக்கம் 0.97. ‘ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும்’ என்று ஊரில் பேசுவதற்கு அடிப்படை இந்த 0.97தான். இடைவெளியை உண்டாக்கியது நோய். வீங்கிய ஈறும் காறையும் அதை அடைத்து மறைத்திருந்தன. ஆடிய பல்லுக்குக் காறை பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பூசிய சிமெண்டு மாதிரி. எடுத்ததும் ஆட்டம் வெளியே வருகிறது. இதை முன்பே சொன்னால் விளக்கம், பின்பு சொன்னால் சாக்கு.

மாத்திரை விஷயத்தில் சறுக்கல் அதிகம். ஈறு வீங்கியதும் மெடிக்கல் ஷாப்பில் மெட்ரோனிடசோல் வாங்கி மூன்று நாள் போட்டால் வீக்கம் வடியும், பை அப்படியே இருக்கும், மாதம் ஒன்றில் கூட்டம் திரும்பும். கலைக்கப்படாத படலத்துக்குள் மருந்து சரியாக இறங்காது, உள்ளே மெதுவாக வளரும் பாக்டீரியாவை அது பெரிதாகத் தொடாது. அமாக்சிசிலின் 500 மி.கி., மெட்ரோனிடசோல் 400 மி.கி., மூன்று வேளை, 7 நாள் என்ற கூட்டு மருந்துக்கு இடம் உண்டு. ஆனால் வேரைச் சுத்தம் செய்ததோடு சேர்த்து, வாய் முழுக்க நோய் பரவிய இளவயதினர் போன்ற தேர்ந்தெடுத்த சிலருக்கு, மருத்துவர் சீட்டில். மெட்ரோனிடசோலோடு மது கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவருக்கு ரத்தம் உறைவது மேலும் தள்ளிப்போகும்.

சுத்தம் செய்த பையை 6 வாரத்துக்கு முன் புரோப்பால் குத்திப் பார்க்க வேண்டாம், ஆறிவரும் பற்று பிரியும். 6 முதல் 12 வாரத்துக்குள் மறு அளவு. 4 மி.மீ. வரை, ரத்தம் இல்லை என்றால் அந்த இடம் முடிந்தது. 4 மி.மீ. தான், ஆனால் கசிகிறது என்றால் முடியவில்லை. 6 மி.மீ. பை அப்படியே நின்றால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். அதன்பின் 3 முதல் 12 மாத இடைவெளியில் பராமரிப்பு. வேகத் தரம் ‘சி’ என்றால் 3 மாதம். காலண்டர் பார்த்து எல்லாருக்கும் ‘ஆறு மாசம் கழிச்சு வாங்க’ என்பது தோட்டத்தின் மூன்று குழுக்களையும் ஒரே குழுவாக நினைப்பது.

ரத்தக் கசிவின் விலை

ஓஸ்லோ ஆட்களை 26 ஆண்டு தொடர்ந்ததில் ஒரு கணக்கு கிடைத்தது. ஒரு பல்லைச் சுற்றி எந்தச் சோதனையிலும் அழற்சியே இல்லை என்றால், முளைத்து 50 ஆண்டு ஆனபோது அத்தகைய பற்களில் 99.5 சதவீதம் வாயில் இருந்தன. எப்போது தொட்டாலும் கசிந்த பற்களில் 63.4 சதவீதம். நார்வேயில், நல்ல பல் மருத்துவத்துக்கு நடுவே, இத்தனை இழப்பு. கசிவு நோய் முற்றும் என்பதற்கு உறுதி இல்லை, தோட்டத்து 11 சதவீதமே சாட்சி. கசிவு இல்லாமை, புகைக்காதவரிடம், பல் நிற்கும் என்பதற்கு நல்ல அறிகுறி. இரண்டையும் மாற்றிப் படிக்கக் கூடாது.

2010இல் தோட்டத்து ஆட்களைத் திரும்பவும் தேடிப் போனார்கள். 40 ஆண்டுக்குப் பின் 75 பேரைச் சோதிக்க முடிந்தது. இழந்த பற்கள் சராசரி 13.1, ஒன்றும் இழக்காதவரும் இருந்தார், 28ஐயும் இழந்தவரும் இருந்தார். 2017இல் வெளியான பகுப்பாய்வில், நோய் தொடங்குவதோடு தொடர்புபட்டவை புகையும் காறையும். தொடங்கியது முற்றுவதோடு தொடர்புபட்டவை காறை, படலம், ஈறழற்சி. 60 வயதில் குறைந்தது 20 பல்லாவது மிஞ்சுமா என்பதை ஆகச் சரியாகப் பிரித்துக் காட்டிய எல்லை, 30 வயதில் சராசரி பற்று இழப்பு 1.81 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பது.

1.81 என்ற எண்ணை எந்தப் புரோப்பிலும் படிக்க முடியாது. அதன் கோடுகள் முழு மில்லிமீட்டரில்தான். பல இடங்களின் சராசரியாகத்தான் அது வரும். 28 பல், பல்லுக்கு ஆறு இடம் என்றால் 168 அளவுகள், ஒவ்வொன்றுக்கும் பை ஆழமும் ஈறு விளிம்பும் தனித்தனியாக. தோட்டத்தில் பல்லுக்கு இத்தனை இடம் அளக்கவில்லை, அதனால் 168இன் சராசரியை 1.81க்கு நேராக வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அருகில் வருகிறதா என்று பார்த்தால் போதும். வலி இல்லை, பல் ஆடவில்லை என்று வரும் 28, 30 வயதுக்காரருக்குத்தான் இந்த முழு அட்டவணை முதலில் போட வேண்டும். ஒருவர் அளக்க, ஒருவர் எழுத.